இடது பெட்டி, வலது பெட்டி

அந்தக் காருக்கு இருபத்து மூன்று வயது. இரண்டு கதவு, ஆறு சிலிண்டர், டர்போ. ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் அழுத்தி மிதித்தால் முதுகை இருக்கையோடு சேர்த்து அறைந்துவிடும். அவள் அதை வீட்டுக்கு ஓட்டி வந்த அன்று அவள் கணவர் ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ஆக, எனக்கும் ஒரு சக்களத்தன் வந்தாச்சு" என்றார். அதற்குப் பிறகு வீட்டில் காருக்குப் பெயரே அதுதான். சக்களத்தனுக்குப் பெட்ரோல் போட்டாச்சா, சக்களத்தன் ஏன் இன்னைக்கு இருமறான் என்று பேச்சு ஓடும்.

அவள் பல் செய்பவள். பல் மருத்துவர்கள் வாயை அச்செடுத்து அனுப்புவார்கள். அவள் லேபில் உட்கார்ந்து அந்த வாய்க்குப் பொருந்தும் பல்லைச் செய்து அனுப்புவாள். ஒரு தலைமுடியில் பாதி இடைவெளி இருந்தாலும் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள். கூட வேலை செய்கிறவர்கள் அவளுக்கு 'மைக்ரான்' என்று பட்டம் வைத்திருந்தார்கள். அவள் முகத்துக்கு நேராகவே அப்படிக் கூப்பிடுவார்கள். அவளுக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

இரண்டு மாதத்துக்கு முன்பு மலைப்பாதையில் இறங்கி வரும்போது நடந்த விஷயத்தில்தான் எல்லாம் தொடங்கியது. கம்பெனி போட்ட பிரேக் அந்தக் காரின் வேகத்துக்குப் போதாது என்று அந்த ரகக் கார் வைத்திருப்பவர்கள் எல்லாருமே சொல்லுவார்கள். அவள் நம்பவில்லை. அன்று ஐந்தாவது வளைவில் ஏதோ தீய்ந்த வாடை வந்தது. ஆறாவதில் முன்சக்கரத்திலிருந்து புகை. பெடல் கல் மாதிரி இருக்கிறது, வண்டி மட்டும் நிற்கமாட்டேன் என்கிறது. முன்னால் ஒரு லாரி. இரண்டு காலையும் சேர்த்து மிதித்து, கியரை இறக்கி, லாரியின் பின்பலகைக்கு ஒரு முழம் முன்னால் நிறுத்தினாள். பக்கத்தில் இருந்த கணவர், "ஓடத் தெரிஞ்ச அளவுக்கு நிக்கத் தெரியலையே உன் ஆளுக்கு" என்றார். அவர் குரல் ஒரு மாதிரி இருந்தது.

மறுநாளே பெரிய பிரேக்குக்குச் சொல்லிவிட்டாள். அகலமான டிஸ்க், அதைக் கவ்விப் பிடிக்கும் நாலு பிஸ்டன் கேலிப்பர் இரண்டு, பிரேக் ஆயில் போவதற்கு எஃகுக் கம்பி பின்னிய ஹோஸ். கேலிப்பர்கள் தனித்தனிப் பெட்டியில் வந்தன. ஒன்றில் இடது, இன்னொன்றில் வலது என்று எழுதியிருந்தது. கம்பெனி பூசியிருந்த சிவப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவற்றின்மேல் இடது, வலது என்று ஒட்டியிருந்த ஸ்டிக்கரை உரித்து, துவாரங்களை டேப் ஒட்டி மூடி, ஆழ்ந்த நீலத்தில் தானே பெயின்ட் அடித்து, பால்கனிக் கொடியில் மாட்டிக் காயவைத்தாள்.

மாட்டுகிற வேலையைத் தம்பிக்குக் கொடுத்தாள். அதற்கு ஒரு காரணம் இருந்தது.

தம்பி பஸ் டிப்போவில் மெக்கானிக். பதினோரு வருட சர்வீஸ். மூன்று வாரத்துக்கு முன்பு, அவன் பார்த்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பிய ஒரு பஸ், டிப்போ முற்றத்திலேயே பிரேக் பிடிக்காமல் பின்னால் உருண்டு, ஒரு கண்டக்டரின் காலைச் சுவரோடு வைத்து நசுக்கிவிட்டது. எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. விசாரணை முடியும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்று தம்பியை வீட்டில் உட்காரவைத்துவிட்டார்கள். "அடியில படுத்து, ஒவ்வொண்ணாப் பார்த்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்" என்று அவன் சொன்னான். அவள் அதை அப்படியே எடுத்துக்கொண்டு ஊரெல்லாம் வாதாடினாள். அம்மாவிடம், தம்பி மனைவியின் அண்ணனிடம், கேட்டவர்களிடம், கேட்காதவர்களிடமும். "என் தம்பி பார்க்காமக் கையெழுத்துப் போடுற ஆள் கிடையாது" என்று சொல்லிச் சொல்லி அந்த வாக்கியம் அவள் வாயிலேயே தங்கிவிட்டது.

வீட்டில் உட்கார்ந்தவன் நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டே வந்தான். பேச்சு குறைந்தது. டீயை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு ஆறவிடுவான். ஸ்பானரைக் கையில் கொடுத்தால் ஆள் நிமிர்ந்துவிடுவான் என்று அவளுக்குத் தோன்றியது. "டேய், உன் கையால பண்ணினாத்தான் எனக்கு நிம்மதி" என்று கூப்பிட்டாள். அவன் முகத்தில் அன்று வந்த வெளிச்சத்தை அவள் கணவரும் பார்த்தார்.

புதன்கிழமை மத்தியானம் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் காரை ஜாக்கி வைத்துத் தூக்கினார்கள். பழைய ஹோஸின் நட்டு துருப்பிடித்து அசையவில்லை. தம்பி திட்டிக்கொண்டே அதைத் தட்டித் தட்டிக் கழற்றினான். நெடுநாளைக்குப் பிறகு அவன் திட்டுவது அவள் காதுக்கு இதமாக இருந்தது. இடது பெட்டியில் இருந்ததை இடது பக்கம், வலது பெட்டியில் இருந்ததை வலது பக்கம் என்று மாட்டினான். போல்ட்டை அளவு பார்த்து முறுக்கி, ஒவ்வொன்றின் தலையிலும் வெள்ளை மார்க்கரால் கோடு போட்டான். ஒரு கோடு கோணலாக விழுந்ததை அழித்துவிட்டு மறுபடி போட்டான். அவள் தம்பிதான்.

பிறகு, பிரேக் ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்றும் ஏர் எடுக்கிற வேலை. அவள் ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்து பெடலை மிதிக்க, அவன் கீழே கேலிப்பரில் காற்று வெளியேறுவதற்கான திருகு மூக்கை, நிப்பிளைத் திறந்து மூடினான். நிப்பிளில் சொருகிய ட்யூப் வழியாகப் பிரேக் ஆயில் பாட்டிலில் இறங்கியது.

"பாரு அக்கா, ஒரு குமிழி இல்ல. கண்ணாடி மாதிரி வருது."

"அவ்வளவு சுலபமா முடிஞ்சிடுமா?"

"புது ஐட்டம், சுத்தமான லைன். வேற எப்படி வரும்?"

கடைசியில் சக்கரங்களை மாட்டி, காரை இறக்கி, அவள் என்ஜினை ஓடவிட்டு மிதித்துப் பார்த்தாள். பெடல் இறங்கியது. நின்றது. ஆனால் நிற்பதற்கு முன்னால், ஈரப் பஞ்சை மிதித்த மாதிரி ஓர் அமுங்கல். இரண்டாவது தரம் மிதித்தபோது கெட்டியாக இருந்தது. கொஞ்சம் விட்டுவிட்டு மிதித்தாள். மறுபடியும் பஞ்சு.

"கொஞ்சம் மெத்துனு இருக்கோ?" என்றாள், சாதாரணமாகக் கேட்பதுபோல.

ஜன்னலில் குனிந்திருந்த தம்பியின் கண்ணில் ஏதோ ஒன்று சட்டென்று அணைந்தது. "பெரிய கேலிப்பர் அக்கா. நிறைய ஆயில் குடிக்கும். பெடல் கொஞ்சம் கீழ போகத்தான் செய்யும். டிஸ்க்கும் அதை உரசுற பேடும் ஒண்ணுக்கொண்ணு பழகணும். நாளைக்கு மலைப்பாதையில நாலு தடவை சூடு பண்ணி இறக்கினா எல்லாம் கெட்டியாயிடும்." நிறுத்திவிட்டு, "சந்தேகமா இருந்தா வேற யாரையாவது கூப்பிட்டுக் காட்டு" என்றான்.

"சேச்சே. நான் சும்மா கேட்டேன்."

சும்மா கேட்கவில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சாவி வாங்க வந்தான். சவரம் செய்து, தலை வாரி, டிப்போவுக்குக் கிளம்புகிற மாதிரி வந்திருந்தான். அதற்கு முன்னாலேயே அவள் கீழே போய் ஒரு தடவை மிதித்துப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். நேற்றைவிட இன்னும் ஒரு விரல்கடை ஆழமாகப் போனது போலிருந்தது. இல்லை, அப்படித் தோன்றுகிறதா? செருப்பு மாற்றிப் போட்டதால் இருக்குமோ? சாவியை நீட்டிய கை ஒரு நொடி தயங்கியது. சொல்லிவிடலாம். 'வேண்டாம்டா, இன்னொரு தடவை ஏர் எடுப்போம்' என்று ஒரு வார்த்தை. ஆனால் அந்த வார்த்தைக்கு அவன் காதில் வேறு அர்த்தம்தான் விழும். ஊரே சந்தேகப்படுகிறது, நீயுமா என்று கேட்கமாட்டான். பேசாமல் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவான். அவளுக்கு அதுதான் பயம்.

"மெதுவாப் போடா" என்றாள்.

"மெதுவாப் போனா சூடாகாது அக்கா" என்று சிரித்துவிட்டுப் போனான்.

லேபில் அவளுக்கு வேலை ஓடவில்லை. ஒரு கடைவாய்ப் பல்லை மூன்று முறை எடுத்து மூன்று முறை வைத்தாள். முந்தின நாள் சாயங்காலம் சக்கரக் கம்பிகளின் இடைவெளி வழியாக நீலக் கேலிப்பர் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்திருந்தாள். மனசைச் சமாதானப்படுத்திக்கொள்ள அதை எடுத்துப் பார்த்தாள். அழகாகத்தான் இருந்தது. படத்தைப் பெரிதாக்கினாள். பெயின்ட் ஓரத்தில் பிசிறு இல்லை. நிப்பிள் எங்கே என்று தேடினாள். கேலிப்பரின் கீழ் நுனியில், தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தது.

கீழேயா இருக்கும்?

பெட்டியோடு வந்த தாள் கைப்பையில் மடித்த மடிப்போடு கிடந்தது. விரித்தாள். எழுத்து பொடி. பல் பார்க்கிற பூதக்கண்ணாடி விளக்கை இழுத்து அதன்மேல் வைத்தாள். படத்தில் நிப்பிள் மேலே இருந்தது. பக்கத்தில் ஓர் அம்புக்குறி. 'காற்று மேல்நோக்கியே போகும். நிப்பிள் எப்போதும் மேற்பக்கம் இருக்க வேண்டும். இடது வலது மாறினால் காற்று உள்ளேயே தங்கிவிடும்.'

 குமிழி வராததற்குக் காரணம் காற்று இல்லாதது அல்ல. காற்று மேலே குந்திக்கொண்டிருக்க, அடியிலிருந்து ஆயில் மட்டும் கண்ணாடி மாதிரி வந்திருக்கிறது. பஸ் பிரேக் வேறு சங்கதி. அங்கே காற்றுதான் பிரேக்கையே பிடிக்கிறது. பதினோரு வருடம் அதைப் பார்த்தவனுக்கு, கார் பிரேக்கின் ஆயிலுக்குள் ஒரு உள்ளங்கைக் காற்று போனாலும் ஆபத்து என்பது தெரிந்திருந்தாலும் கைக்குப் பழக்கமில்லை. சூடு ஏற ஏற அந்தக் காற்று விரியும்; மிதிக்கிற அழுத்தம் பிரேக்குக்குப் போகாமல் காற்றிலேயே அமுங்கிவிடும். நாலு தடவை சூடு பண்ணி இறக்கினால் போதும் என்று வேறு சொல்லியிருக்கிறான்.

தம்பிக்குப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடியும் போட்டாள். நாலு தரம். ஐந்தாவது தரமும் அவன் எடுக்காததால் கணவரைக் கூப்பிட்டாள்.

கணவர் வேலை செய்யும் நூலகம் இரண்டு தெரு தள்ளி. அவர் ஸ்கூட்டரோடு வந்து நிற்பதற்குள் அவள் நடைபாதையில் நாலு சுற்று நடந்துவிட்டாள். விஷயத்தைச் சொன்னாள்.  "ஏறு" என்றார்.

அவர் எப்போதும் நாற்பதுக்கு மேல் போகாத ஆள். அன்றைக்கு ஐம்பத்தைந்தில் போனார். அவளுக்கு அது ஊர்வது மாதிரி இருந்தது. அவர் தோளைப் பிடித்திருந்த கையால் தன்னை அறியாமல் அழுத்திக்கொண்டே வந்தாள். "தோள்பட்டையில ஆக்சிலேட்டர் இல்லம்மா" என்றார் அவர், திரும்பாமல். எதிரே ஓர் ஆம்புலன்ஸ் வந்தது. சைரன் போடாமல் வந்தது. போடாமல் வந்தால் நல்லதா கெட்டதா என்று அவளால் தீர்மானிக்க முடியவில்லை.

அப்போதுதான், ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்திருக்கும்போது, அவளுக்கு அந்த இன்னொரு விஷயம் உறைத்தது. தம்பி இடது பெட்டியில் இருந்ததை இடது பக்கம்தானே மாட்டினான். அவள் கண்ணால் பார்த்தாள். பிறகு எப்படி மாறும்?

பால்கனிக் கொடி. பெயின்ட் அடித்த ஞாயிறு, கம்பிக் கைப்பிடியில் முதுகைச் சாய்த்து, சமையலறைச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு மாட்டினாள். இடது இடப்பக்கம், வலது வலப்பக்கம். மறுநாள் பால்கனி வாசலை மறித்து ஈரத் துணி தொங்கியது. அதனால் சமையலறைக்குள் நின்று, ஜன்னல் வழியாகக் கையை நீட்டி எடுத்தாள். எதிர்ப்பக்கத்திலிருந்து. இடப்பக்கம் தொங்கியதை எடுத்து இடது பெட்டியில் வைத்தாள்.

எதிரே நின்று பார்த்தால் இடது வலது புரளும் என்பது அவளுக்குத் தெரியாதா? பத்தொன்பது வருடமாக அதுதானே வேலை. எதிரே உட்கார்ந்திருப்பவரின் வாயில் வலப்பக்கம் தெரிகிற பல் அவருக்கு இடது. முதல் நாள் வேலைக்கு வரும் பெண்களுக்கு அவள் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடமே அது.  கணவரிடம் சொல்ல வாயெடுத்தாள். காற்று இரைச்சலில் அவருக்குக் கேட்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மூடிக்கொண்டாள்.

மலைப்பாதையில் மூன்றாவது வளைவைத் தாண்டி, பிரேக் இழந்த லாரிகள் ஏறி நிற்பதற்காக மேட்டை நோக்கி ஒரு சரளைக்கல் பாதை போட்டிருப்பார்கள். அதில் கார் கிடந்தது. பாதிச் சக்கரம் வரை கல்லில் புதைந்து, முன் பம்பர் ஒரு பக்கம் கழன்று தொங்கிக்கொண்டு. கொஞ்சம் தள்ளி, சாலையோரக் கல்லில் தம்பி உட்கார்ந்திருந்தான். அவள் ஸ்கூட்டர் நிற்பதற்கு முன்பே குதித்து, தடுமாறி, ஓடினாள். அவன் தலையை, கையை, முழங்காலை எல்லாம் தொட்டுப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை. 

"போன் ஏன்டா எடுக்கல?"

"கார்லயே கிடக்குது. எடுக்கப் போகப் பிடிக்கல."

கணவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவன் கையில் வைத்தார். இரண்டு வாய் குடித்த பிறகு அவனாகவே சொன்னான்.

"ரெண்டு தடவை நல்லாப் பிடிச்சுது. மூணாவது வளைவுல மிதிச்சா பெடல் தரைக்குப் போயிடுச்சு. ஒண்ணுமே இல்ல அங்க. பம்ப் பண்ணினேன். ரெண்டாவது கியர் போட்டேன், ஹேண்ட் பிரேக் இழுத்தேன். எதிர்ல ஸ்கூல் வேன் ஒண்ணு ஏறி வருது. இந்தக் கல்லைப் பார்த்தேன், திருப்பிட்டேன்." பாட்டிலை மூட முயன்றான். மூடி திருகில் உட்காரவில்லை. "இறங்கிப் பார்த்தேன் அக்கா. நிப்பிள் கீழ இருக்கு. இடம் வலம் பார்க்காம மாட்டியிருக்கேன். குழந்தைகூடப் பார்க்கும் அதை. அந்த பஸ்ஸும் சரி, இதுவும் சரி. என் கைதான்."

சொல்வதற்கு அதுதான் இடம். அவள் வாய் திறந்தும்விட்டது. "உயிரோட இருக்க. அது போதும்டா" என்றுதான் வந்தது. அது பொய் இல்லை. ஆனால் சொல்ல வேண்டியது அது இல்லை.

இழுவை வண்டி வந்து காரைத் தூக்கிக்கொண்டு போகும்வரை மூன்று பேரும் அந்த வெயிலில் நின்றார்கள். கார் அவர்கள் வீட்டுக் கீழ்த்தளத்துக்கே வந்து இறங்கியது.

வெள்ளிக்கிழமை முழுக்க அவள் வாய் பூட்டுப் போட்ட மாதிரி இருந்தது. சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியும்? மாட்டியவன் பார்த்திருக்க வேண்டியதுதானே, அது அவன் வேலைதானே என்று ஒரு பக்கம் மனசு வாதாடும். அவன் முகம் ஞாபகம் வந்ததும் அந்த வாதம் சுருண்டுவிடும். சாயங்காலம் கணவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நீ நேத்துலேர்ந்து எதையோ மென்னுக்கிட்டே இருக்க" என்றார். "ஒண்ணுமில்ல" என்றாள். அவர் எழுந்து போனார்.

சனிக்கிழமை காலை அவள் கீழ்த்தளத்தில் காரைத் தனியாகத் தூக்கிவைத்து, இடப்பக்கச் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தபோது தம்பி வந்தான். கையில் அவனுடைய டூல் பாக்ஸ். அதை அவள் காலடியில் வைத்தான்.

"இதை நீ வெச்சுக்கோ. எனக்கு இனிமே தேவைப்படாது." சட்டைப் பையிலிருந்து ஒரு கவரை எடுத்தான். "திங்கக்கிழமை விசாரணையில குடுக்கப்போறேன். இந்த வேலைக்கு லாயக்கில்லாதவன், என்னை விடுவிச்சுடுங்கன்னு எழுதியிருக்கேன். என்னால ஒரு மனுஷனோட கால் போச்சு. அடுத்தது அந்த வேன்ல இருந்த பிள்ளைங்க. போதும்."

அவள் ஸ்பானரைக் கீழே வைத்தாள். 

"பெட்டியை மாத்தினது நான்டா."

"எந்தப் பெட்டி?"

"கேலிப்பர் பெட்டி. பெயின்ட் அடிச்சுக் காயவெச்சு, எடுக்கிறப்ப எதிர்ப்பக்கத்துலேர்ந்து எடுத்தேன். இடது பெட்டியில வலதை வெச்சுட்டேன். நீ பெட்டியில இருந்தபடிதான் மாட்டின."

அவன் கார் சக்கரத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "எப்பத் தெரியும் உனக்கு?"

"வியாழக்கிழமை. ஸ்கூட்டர்ல வர்றப்பவே."

"வியாழக்கிழமையா." மெதுவாகத்தான் சொன்னான். "ரெண்டு நாள் அக்கா. சாப்பாடு இறங்காம, சுவத்தைப் பார்த்துக்கிட்டுக் கிடந்தேன் ரெண்டு நாள். நீ உன் வீட்டுல உட்கார்ந்து தெரிஞ்சுக்கிட்டே இருந்திருக்க."

"ஆமா."

"ஏன் சொல்லல?"

"பயம். பெடல் மெத்துனு இருக்குன்னு புதன்கிழமையே தெரியும். அதையும் சொல்லல. நீ உடைஞ்சிடுவியோன்னு பயம். அப்புறம் என் தப்புன்னு தெரிஞ்சதும் வேற பயம்." அவளுக்கு அழுகை வரவில்லை. வந்திருந்தால் கொஞ்சம் தேவலை போலிருந்தது.

 போய்விடுவான் என்றுதான் அவள் நினைத்தாள். அவன் கவரைச் சட்டைப் பைக்குள் திரும்பச் செருகிக்கொண்டு, டூல் பாக்ஸைத் திறந்தான். "தள்ளு. ஜாக்கி சாய்வா வெச்சிருக்க" என்றான்.

இரண்டு மணிநேரம் வேலை செய்தான். இரண்டு கேலிப்பரையும் கழற்றி, பக்கம் மாற்றி, நிப்பிள் மேலே இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்து மாட்டினான். அவளையும் கூப்பிட்டுத் தொட்டுப் பார்க்கச் சொன்னான். தொட்டாள். பிறகு அவள் ஏறி உட்கார்ந்து பெடலை மிதித்தாள். இந்தத் தடவை ட்யூபில் ஆயிலோடு நுரை பொங்கிக்கொண்டு வந்தது. பால் மாதிரி, சளசளவென்று. எவ்வளவு காற்று உள்ளே இருந்திருக்கிறது என்று பார்க்க அவளுக்குக் கூசியது.

"அமுக்கி அப்படியே வெச்சிரு" என்றான் கீழேயிருந்து. அவன் முகம் தெரியவில்லை. காலணி இரண்டு மட்டும் தெரிந்தது.

அவள் அழுத்திக்கொண்டே இருந்தாள். அவன் திறந்த நிப்பிளை மூடவும் இல்லை, விடச் சொல்லவும் இல்லை.

"அந்த பஸ்ஸுக்கு அடியில நான் போகல அக்கா."

அவள் கால் நழுவியது.

"விடாத. அமுக்கு." ஸ்பானர் நிப்பிளிலேயே இருந்தது. "அன்னைக்கு ஷிப்ட் முடியிற நேரம். ஏழு பஸ் லைன்ல நிக்குது. முந்தின வாரம்தான் அதைப் பார்த்திருந்தேன், சரியா இருந்துச்சு. அதனால ஷீட்ல டிக் போட்டுக் கையெழுத்துப் போட்டுட்டேன். பார்த்தேன் பார்த்தேன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். நீ எனக்காகச் சண்டை போடப் போட, மாத்திச் சொல்ல முடியல."

என் தம்பி பார்க்காமக் கையெழுத்துப் போடுற ஆள் கிடையாது. எத்தனை பேரிடம், எத்தனை தரம். அம்மாவிடம் குரலை உயர்த்திச் சொல்லியிருக்கிறாள். அவள் காது இரண்டும் சூடானது. கோபம் வந்தது, நிஜமான கோபம். அதை வைத்துக்கொள்ள இடம்தான் இல்லை. காலை எடுத்தால் ஆயில் லைனுக்குள் காற்று ஏறிவிடும்.

"இப்ப என்ன செய்யப்போற?" என்றாள் ஒருவழியாக.

"தெரியல. மூடிட்டேன், விடு இப்ப. மறுபடி அமுக்கு."

நுரை குறைந்து, குமிழி குறைந்து, கடைசியில் சுத்தமாக வந்தது. பெடல் பாதிவழியில் கெட்டியாக நின்றது. அவள் முப்பது தடவை மிதித்துப் பார்த்தாள். முப்பதாவதும் முதலாவது மாதிரியே இருந்தது. அப்படியும் மாடிக்குப் போய்விட்டுத் திரும்ப இறங்கி வந்து இன்னொரு தடவை மிதித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவளே ஓட்டினாள். முதலில் சமதளத்தில், பிறகு மலைப்பாதையில். தம்பி பக்கத்தில். ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் அவள் நெஞ்சு ஒரு தடவை நின்று ஓடியது. ஒவ்வொரு தரமும் சக்களத்தன், யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்த மாதிரி நின்றான். அந்தச் சரளைக்கல் மேட்டைத் தாண்டும்போது இருவருமே அந்தப் பக்கம் திரும்பவில்லை.

திங்கட்கிழமை டிப்போவுக்கும் அவளே கொண்டுவிட்டாள். அந்த ராஜினாமாக் கவரை அவன் கிழித்துப் போட்டிருந்தான்; அதற்குப் பதிலாக ஒரே ஒரு தாள் அவன் பையில் இருந்தது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. விசாரணை அறைக்கு வெளியே நீளமான நடை, சுவரோரம் இரும்பு பெஞ்ச், ஒரு தண்ணீர் மெஷின். அது அவ்வப்போது தொண்டையைச் செருமுகிற மாதிரி சத்தம் போட்டது. ஒவ்வொரு தடவையும் அவள் கதவைப் பார்த்தாள். வேலையை விட்டு எடுத்துவிட்டால்? கேஸ் போட்டுவிட்டால்? நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அவனும் மூடிக்கொண்டு தப்பித்திருப்பானோ என்றும் ஒரு கணம் தோன்றியது. அந்த எண்ணத்தைத் தூக்கிப் போட்டாள். அது திரும்பத் திரும்ப வந்து பக்கத்திலேயே உட்கார்ந்தது.

ஒன்றேகால் மணிநேரம் கழித்து வெளியே வந்தான். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. காருக்கு வந்து கதவைச் சாத்திய பிறகுதான் பேசினான்.

"ரெண்டு வருஷம் ஸ்டோர்ல. பதவி ஒரு படி கீழ. எந்த ஷீட்லயும் கையெழுத்துப் போடக்கூடாது." மூச்சை விட்டான். "டிரைவரும் வீலுக்குக் கட்டை வெக்கல, அதையும் எழுதிக்கிட்டாங்க. இல்லன்னா வேலை போயிருக்கும்."

"கண்டக்டர்?"

"வந்திருந்தார். கக்கத்துக் கட்டையை ஊனிக்கிட்டு. நான் சொல்லி முடிக்கிறவரைக்கும் என்னையே பார்த்துக்கிட்டு இருந்தார். ஒண்ணும் சொல்லல." பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டே, "சொல்லியிருந்தாத் தேவலை" என்றான்.

அவள் தலையாட்டினாள்.

"ஆபீசர் ஒரே ஒரு கேள்வி கேட்டார் அக்கா. இத்தனை நாள் சொல்லாததை இப்ப ஏன் சொல்றேன்னு."

"என்ன சொன்ன?"

"அக்கா கார்ல பிரேக் மாட்டினேன்னு சொன்னேன். அவருக்கு ஒண்ணும் புரியல. ஆனா எழுதிக்கிட்டார்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆகிவிடுமோ என்று பயந்து நிறுத்திக்கொண்டாள். அவள் போன் மடியில் அதிர்ந்தது. அம்மா. காலையிலிருந்து மூன்றாவது தடவை.

"இப்ப நான் என்னடா சொல்றது அவங்ககிட்ட? அத்தனை பேச்சுப் பேசியிருக்கேன்."

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம்" என்று அவன் போனை வாங்கிக்கொண்டான். "அம்மா, நான்தான். அக்கா பக்கத்துல இருக்கா. இல்ல, முடிஞ்சுது. இருங்க, முதல்லேர்ந்து சொல்றேன்."

அவன் பேசுவது அம்மாவுக்குத் தெளிவாகக் கேட்கட்டும் என்று, அவள் என்ஜினைப் போடாமல் உட்கார்ந்திருந்தாள்.